'காது' என்று எழுதிய பக்கம்

மேனாம்பேட்டில் அந்த நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளிடம் எந்த வகுப்பு என்று கேட்டால் ஆறு, ஏழு என்று கணக்குச் சொல்லமாட்டார்கள். "வடிவு மிஸ் கிளாஸ்" என்பார்கள். வடிவு அறிவியல் டீச்சர். ஐம்பத்தாறு வயது. ஆவடியிலிருந்து தினமும் பஸ் பிடித்து வருபவர். ஜூனில் பள்ளி திறந்தால் இரண்டு வாரத்துக்குப் புத்தகத்தைத் தொடமாட்டார். பக்கத்து வகுப்பில் முதல் பாடம் முடிந்து கேள்வி பதில் எழுதிக்கொண்டிருப்பார்கள். இவர் வகுப்பில் பிள்ளைகள் கதை பேசிக்கொண்டும், எதையாவது கழற்றி மாட்டிக்கொண்டும் இருக்கும். தலைமையாசிரியர் ஜானகிராமன் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "டீச்சர், போர்ஷன்..." என்று இழுப்பார். "முடிச்சிடலாம் சார்" என்பார் டீச்சர். சொன்னபடி முடித்தும்விடுவார். அதற்கு மேல் ஜானகிராமன் என்னத்தைப் பேசுவது?

அந்த இரண்டு வாரமும் டீச்சர் சும்மா உட்கார்ந்திருக்கமாட்டார். கோடு போடாத நீள நோட்டு ஒன்று வைத்திருப்பார். ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம். மேலே பெயர், கீழே ஒரே ஒரு வார்த்தை. இந்தப் பிள்ளைக்குள் பாடம் எந்த வழியாகப் போகும் என்பதுதான் அந்த வார்த்தை. கிஷோருக்கு 'கை'. அவன் அப்பாவுக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் லேத் பட்டறை. மூலக்கூறு என்றால் என்னவென்று நான்கு நாள் சொல்லியும் ஏறாதவனுக்கு ஒரு பை நிறைய நட்டும் போல்ட்டும் கொண்டுவரச் சொல்லி, இது ஆக்சிஜன், இது ஹைட்ரஜன் என்று திருகவைத்தார். பத்தே நிமிடம். ராகேஷுக்கு 'எதிர்ப்பேச்சு'. அவனுக்காக டீச்சர் வேண்டுமென்றே தப்பாகச் சொல்வார். தப்பைக் கண்டுபிடிக்கும் வெறியில் அவன் முதல் நாளே பாடத்தைப் படித்துவிட்டு வந்து காத்திருப்பான். லாவண்யாவுக்கு 'தனியாக'. நாலு பேர் முன்னால் அவளுக்கு வாயே திறக்காது. தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு கூட வா என்று அழைத்துப்போனால் வராந்தாவைக் கடப்பதற்குள் முழுப் பதிலையும் சொல்லிவிடுவாள்.

முதலில் எழுதிய வார்த்தை சரியாக இருந்துவிடும் என்று டீச்சர் நம்பியதில்லை. ஆண்டு முடிவதற்குள் இரண்டு மூன்று முறையாவது அடித்து வேறு எழுதுவார். மார்ச் மாதம் பார்த்தால் ஒவ்வொரு பக்கமும் கிறுக்கலாகக் கிடக்கும். ஆசிரியர்களுக்கான பயிற்சி வகுப்பில் திரை கட்டி, 'ஒவ்வொரு குழந்தையும் தனித்துவமானது' என்று படம் போட்டுக் காட்டும்போது டீச்சர் தூங்கிவிடுவார். முப்பது வருடமாகச் செய்துகொண்டிருப்பதை ஏசி அறையில் உட்காரவைத்துச் சொன்னால் தூக்கம் வராமல் என்ன வரும்?

அந்த நோட்டில் நிஷாவுக்கும் ஒரு பக்கம் இருந்தது.

கொரோனா முடிந்து பள்ளிகள் மறுபடி திறந்த வருடம் நிஷா ஆறாம் வகுப்புக்கு வந்தாள். அப்பா வீராசாமி எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்குக் காவலாள். அவருடைய பெற்றோர் இந்தப் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டுப் பிழைத்தவர்கள். அந்த வயலெல்லாம் இப்போது வீட்டு மனை. வீராசாமிக்கு இருந்தது ஒரே ஆசைதான். தன் வம்சத்தில் ஒரு ஆளாவது பத்தாவது பாஸ் பண்ண வேண்டும். சேர்க்க வந்த அன்றே டீச்சரிடம் சொல்லிவிட்டார்: "ரெண்டு பசங்க படிப்ப உட்டுட்டானுங்க டீச்சர். இதாவது பத்தாவது தாண்டணும். உங்க கைலதான் கீது."

நிஷாவுக்குப் படிக்கத் தெரியவில்லை. எழுத்தைக் கூட்டவே வரவில்லை. 'மரம்' என்று எழுதிக் காட்டினால் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, "ரம்" என்பாள், பிறகு விழிப்பாள். இரண்டு வருடம் பள்ளி பூட்டிக்கிடந்ததன் பலன், பாதி வகுப்பு இப்படித்தான் இருக்கிறது என்று டீச்சரும் முதலில் நினைத்தார். ஆனால் ஒரு மதியம் செரிமான மண்டலப் பாடத்தை வகுப்புக்கு ஒரே ஒரு முறை வாய்விட்டுப் படித்தார். மறுநாள் நிஷா எழுந்து நின்று வாயில் போட்ட கவளம் எங்கெங்கே போய் என்னென்ன ஆகிறது என்று ஒரு வரி விடாமல் சொன்னாள். டீச்சரின் ஏற்ற இறக்கம், நடுவில் இருமிய இடம் எல்லாம் அப்படியே வந்தது. வகுப்பே கைதட்டியது. அன்றைக்கே அவள் பக்கத்தில் 'காது' என்று எழுதினார்.

அன்றிலிருந்து மதியச் சாப்பாடு முடிந்ததும் பதினைந்து நிமிடம் டீச்சர் படிப்பார், நிஷா கேட்பாள். மற்ற டீச்சர்களிடமும் சொல்லிவைத்தார். பரீட்சையில் அவளைத் தன் மேசைக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, கேள்வியை மெதுவாகப் படித்துக் காட்டி, அவள் காதோரம் சொல்லும் பதிலைத் தாமே தாளில் எழுதுவார். எண்பத்து மூன்று வாங்கினாள். எண்பத்தாறு வாங்கினாள். மதிப்பெண்ணில் ஒன்றும் பொய்யில்லை. அத்தனையும் அந்தப் பெண்ணின் தலைக்குள் இருந்துதான் வந்தது. ஆனால் தாளில் இருக்கும் எழுத்து யாருடையது என்று டீச்சர் எங்கேயும் குறித்துவைக்கவில்லை.

தமிழ்வாணன் அந்த வட்டாரத்துக்குச் சிறப்பு ஆசிரியர். கற்பதில் சிரமமுள்ள பிள்ளைகளைப் பார்ப்பதற்காக வாரம் ஒரு நாள் பைக்கில் வருவார். சின்ன வயசு. நிஷா ஏழாவது படிக்கும்போது அவளோடு அரை மணி நேரம் பேசிப் பார்த்துவிட்டு டீச்சரிடம் வந்தார்.

"டீச்சர், பேச்சக் கேட்டா வக்கீல் மாதிரி பேசுறா. எழுத்தப் பாத்தா ஒண்ணாங்கிளாஸ் மாதிரி இருக்கு. இது சோம்பேறித்தனம் இல்ல, கொரோனாவும் இல்ல. முகாமுக்கு அனுப்புங்க. டெஸ்ட் பண்ணி சர்ட்டிஃபிகேட் வாங்கிட்டா, பப்ளிக் எக்ஸாம்ல கேள்வியப் படிச்சுக் காட்டி எழுத ஆள் தருவாங்க."

"என் கிளாஸ்ல குறையுள்ள பிள்ளைன்னு யாரும் கிடையாது தம்பி. வழி வேற. அவ்வளவுதான்."

"வழி வேறதான் டீச்சர். ஆனா அந்த வழியில நீங்க மட்டும்தானே நிக்கிறீங்க? எட்டாவது தாண்டினா யார் இருக்கா?"

டீச்சருக்குச் சுருக்கென்றது. சரியாகக் கேட்டுவிட்டாரே என்ற கோபம்தான். அதற்குப் பின்னால் பழைய வலி ஒன்றும் இருந்தது. பல வருடம் முன்பு தினேஷ் என்ற பிள்ளையை அவரே முகாமுக்கு அனுப்பியிருக்கிறார். திரும்பி வந்த மறுநாளிலிருந்து பள்ளியில் அவன் பெயர் 'கேம்ப்' ஆகிவிட்டது. கேம்ப் வர்றான், கேம்ப் போறான். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்த பிள்ளை பிறகு பள்ளிப் பக்கமே வரவில்லை. இனி எந்தப் பிள்ளை நெற்றியிலும் முத்திரை குத்துவதில்லை என்று டீச்சர் அன்றைக்கு முடிவுசெய்தார். கொஞ்சம் பெருமையும் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை பொய்யாகிவிடும். யாராலும் முடியாத பிள்ளையை நான் எண்பத்தாறு வாங்கவைத்தேன் என்ற பெருமை அது. கணக்கெடுப்புப் படிவத்தில், ஆறாவதில் செய்தது போலவே, 'கற்றல் குறைபாடு உடைய மாணவர்' என்ற கட்டத்துக்கு எதிரே 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எட்டாவதிலும் அதே படிவம் வந்தது. அதே 'இல்லை'.

நிஷா அம்பத்தூரில் பெரிய பள்ளிக்கு ஒன்பதாவது போனாள். ஒரு வகுப்பில் அறுபது பேர். ஆரம்பத்தில் சனிக்கிழமை தவறாமல் வந்து, "மிஸ், இத கொஞ்சம் படிச்சிக் காட்டுங்க" என்று புத்தகத்தை நீட்டுவாள். அப்புறம் மாதத்துக்கு ஒரு முறை. அப்புறம் அதுவும் இல்லை. பெரியவளாகிவிட்டாள், புதுச் சிநேகிதம் கிடைத்திருக்கும் என்று டீச்சர் தேற்றிக்கொண்டார். இவருக்கும் நோட்டில் நாற்பது புதுப் பக்கங்கள் காத்திருந்தன.

பத்தாவது அரையாண்டு முடிந்த ஜனவரியில், ஒரு சாயங்காலம் வீராசாமி பள்ளி வாசலில் நின்றார். டியூட்டிச் சட்டையோடு வந்திருந்தார்.

"என்ன வீராசாமி, நல்லா இருக்கீங்களா?"

"நிஷா ஸ்கூலுக்குப் போமாட்டேன்னு அழுவுது டீச்சர். ஒரு வாரமா ஊட்லயே கீது. இன்னாமோ நடந்துருக்குது, என்னாண்ட சொல்ல மாட்டேங்குது. நீங்க வந்து கேளுங்க, சொல்லும்."

டீச்சர் அப்படியே கிளம்பிப் போனார். நிஷாவின் அம்மா பொன்னியம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நிஷா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். வளர்ந்திருந்தாள், இளைத்துமிருந்தாள். டீச்சர் நாற்காலியை விட்டுவிட்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்ததும் சொல்லத் தொடங்கினாள். அரையாண்டுத் தாளைக் கொடுக்கும்போது அங்கே வகுப்பாசிரியர் அவளை எழுப்பி ஒரு பத்தியைப் படிக்கச் சொல்லியிருக்கிறார். இரண்டு நிமிடம் நின்றிருக்கிறாள். முதல் வார்த்தையே வரவில்லை. வகுப்பு சிரித்திருக்கிறது.

"எட்டாவது வரைக்கும் எண்பதுக்கு மேல வாங்கிகீற, எந்த டீச்சர் உனக்கு மார்க் போட்டதுன்னு கேட்டாங்க மிஸ்."

"நீ என்ன சொன்ன?"

"நான் சொல்லல."

"ஏன்டி? சொல்ல வேண்டியதுதானே?"

"உங்கள திட்டுவாங்கல்ல."

டீச்சரால் அதற்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை. தெருமுனை வரை நடந்து வந்து, ஒரு கடையின் ஷட்டரைப் பிடித்துக்கொண்டு அழுதார். போகிற வருகிறவர்கள் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும்.

மறுநாள் தமிழ்வாணனைக் கூப்பிட்டார். அன்றைக்கே சொன்னேனே என்று அவர் குத்திக்காட்டவில்லை. டீச்சரைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு, குறைபாட்டுச் சான்றிதழ் தரும் அலுவலகத்துக்கு அழைத்துப்போனார். தேர்வுக்கு ஆள் கேட்டு விண்ணப்பிக்கும் தேதி எப்போதோ முடிந்திருந்தது. இருந்தாலும் அங்கிருந்த அம்மாள் பொறுமையானவர். சின்ன வகுப்பிலிருந்தே இந்தச் சிரமம் இருந்தது என்று பழைய பள்ளிப் பதிவு ஏதாவது இருந்தால் மேலே எழுதிக் கேட்டுப் பார்க்கலாம் என்றார். அங்கேயே இருந்த பழைய பள்ளியின் கோப்பைப் புரட்டினார். மூன்று வருடப் படிவத்தையும் மதிப்பெண் பட்டியலையும் மேசையில் வரிசையாக வைத்தார்.

"எண்பத்தாறு மார்க்குன்னு இருக்கு. கற்றல் குறைபாடு 'இல்லை'ன்னு இருக்கு. இத வெச்சுக்கிட்டு இந்தப் பொண்ணுக்குப் படிக்கத் தெரியாதுன்னு நான் எப்படி எழுதறது? இது உங்க கையெழுத்துதானே டீச்சர்?"

"என்னோடதுதான்."

நிஷாவுக்கு எதிராக ஊரில் வேறு ஒருவரும் சாட்சி சொல்லவில்லை. இவர் ஒருவர்தான் சொல்லியிருந்தார். அதுவும் அவ்வளவு அழகான கையெழுத்தில்.

தேர்வுக்குப் பத்து வாரம் இருந்தது. தினமும் நாலரை மணிக்கு நிஷாவை வரச் சொன்னார். இந்த முறை டீச்சர் படித்துக் காட்டவில்லை. தமிழ்வாணனிடம் கேட்டுக்கேட்டு, உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவவைத்து, ஒவ்வொரு எழுத்துக்கும் சத்தம் போடவைத்து, ஒன்றாம் வகுப்பிலிருந்து தொடங்கினார். பத்தாவது படிக்கிற பெண் 'ட, ப, ம' என்று தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுதாள். போகிறேன் என்றாள். மறுநாள் வந்தாள். ஆறாவது வாரம் ஒரு நாள், கரும்பலகையில் கிடந்த ஒரு வரியை, ஒவ்வொரு வார்த்தையிலும் மூச்சு வாங்கி, கடைசி வரை படித்தாள். 'இன்று மதிய உணவில் முட்டை உண்டு.' அவ்வளவுதான் வரி. நாலு நிமிடம் ஆனது. படித்து முடித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அவளைக் கட்டிக்கொண்ட டீச்சருக்கு, அப்போதுதான் அது உறைத்தது. இந்தப் பெண்ணால் முடிந்திருக்கிறது. மெதுவாக, கஷ்டப்பட்டு, ஆனால் முடிந்திருக்கிறது. ஆறாவதிலேயே ஆரம்பித்திருந்தால் நாலு வருடம் கிடைத்திருக்கும்.

அவள் போனபிறகு பீரோவிலிருந்து பழைய நோட்டை எடுத்தார். கிஷோரின் பக்கத்தில் 'கை'யை அடித்து 'படம்' என்று எழுதி, அதையும் அடித்திருந்தது. ராகேஷின் பக்கத்தில் ஆறு அடித்தல் திருத்தல். லாவண்யாவின் பக்கத்தில் இடமே இல்லை. நிஷாவின் பக்கம் மட்டும் சுத்தமாக இருந்தது. மூன்று வருடமாக அதில் ஒரே வார்த்தை. எல்லாப் பிள்ளைக்கும் வழி தேடிக்கொண்டே இருந்தவர், இருப்பதிலேயே கெட்டிக்காரப் பெண்ணுக்குத் தேடுவதை ஆறாவதிலேயே நிறுத்திவிட்டார். கிடைத்த வழி அவ்வளவு சுலபமாக இருந்தது. அது அவருக்கும் அவ்வளவு பிடித்திருந்தது.

பத்து வாரத்தில் ஒரு பெண் எவ்வளவு தூரம்தான் ஓடுவாள்? முதல் தேர்வு தமிழ். காலையில் டீச்சரே விடுப்பு எடுத்துக்கொண்டு போய்த் தேர்வு மையத்தின் வாசலில் விட்டுவிட்டு வந்தார். வீராசாமி மகளுக்குப் புதுப் பேனா வாங்கிக் கொடுத்திருந்தார். மதியம் வெளியே வந்தவள் நேரே வீட்டுக்குப் போய்விட்டாள். அடுத்த தேர்வுக்கு அவள் போகவில்லை. அதற்கடுத்ததற்கும் இல்லை. டீச்சர் வீட்டுக்குப் போனபோது கதவைச் சாத்திக்கொண்டாள். "உட்டுருங்க டீச்சர்" என்றார் வீராசாமி. கோபமில்லை அவருக்கு. கோபப்பட்டிருந்தால் டீச்சருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மே மாதம் வீராசாமிக்கு ஐயப்பன்தாங்கலில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் காவல் வேலை கிடைத்துக் குடும்பம் அங்கே போய்விட்டது. நிஷா குமணன்சாவடிப் பக்கம் ஒரு பேக்கிங் கம்பெனியில் சேர்ந்துவிட்டாள் என்று ஜூனில் பள்ளி திறந்த பிறகு கிஷோர் மூலம் தெரிந்தது. டீச்சர் ஒரு வாரம் யோசித்தார். பிறகு ஒரு நாள் பள்ளி விட்டதும் பஸ் மாறி மாறி அங்கே போய், கம்பெனி விடும் நேரத்தில் நிறுத்தத்தில் நின்றார்.

நிஷா பார்த்துவிட்டு ஓடி வந்தாள். "மிஸ்! இன்னா மிஸ் இங்க?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். கையெல்லாம் டேப் பசை. வேலை பரவாயில்லை, நின்றுகொண்டே செய்வதுதான் கால் வலிக்கிறது என்றாள்.

"தப்பு என்னோடதுடி. உனக்கு அது தெரியணும். நீ மக்குன்னு ஒரு நாளும் நினைச்சுடாத."

நிஷா விரலில் ஒட்டிய பசையைச் சுரண்டினாள்.

"அன்னிக்கு அந்தக் கொஸ்டின் பேப்பர் இருக்குல்ல மிஸ், அத பாத்துகினே இருந்தேன். நீங்க படிக்கிற மாதிரியே காதுல வுழும், வுழும்னு பாத்துகினே இருந்தேன். மூணு மணி நேரமும் சத்தமே வர்ல மிஸ்."

அவள் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். டீச்சர் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். அடுத்த வருடம் தனித்தேர்வு எழுதலாம், தமிழ்வாணன் சார் இப்போதே எல்லாப் பேப்பரும் தயார்செய்கிறார், நானும் எனக்குத் தெரிந்ததையெல்லாம் மறைக்காமல் எழுதிக் கொடுத்துவிட்டேன், ஆள் கிடைக்கும் என்று ஒரே மூச்சில் சொன்னார். "பாக்கலாம் மிஸ்" என்றாள் நிஷா. இவர் மனசு நோகக்கூடாது என்று சொன்னது போலத்தான் இருந்தது.

தூரத்தில் ஒரு பஸ் திரும்பியது. நிஷா பேச்சை நிறுத்திவிட்டு அதன் நெற்றியையே பார்த்தாள். அவளுக்கு எண்ணைப் பார்த்து ஏறத் தெரியும், தினமும் அப்படித்தான் போகிறாள். இருந்தும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, உதடு மெல்ல அசைய, பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கை ஆள்காட்டி விரல் பாவாடை மேல் எதையோ வரைந்துகொண்டிருந்தது.

"ஐயப்பன்தாங்கல்" என்றார் டீச்சர். "உன் பஸ்தான், ஏறிக்கோ."

நிஷாவின் உதடு நின்றது. விரலும் நின்றது.

"நானே படிச்சிகினு இருந்தேன் மிஸ்" என்றாள். "பாதி வந்துட்டேன்."

பஸ் வந்து நின்றது. அவள் ஏறி, ஜன்னல் வழியே கையாட்டினாள். டீச்சரும் ஆட்டினார். பஸ் போன பிறகு ஆவடிப் பக்கம் போகும் இரண்டு பஸ் வந்தும் அவர் ஏறவில்லை. நிஷா படிக்க இருந்த அந்தப் பெயரின் மிச்சப் பாதி அவர் வாய்க்குள் அப்படியே இருந்தது.